கலங்கரை விளக்குக்குக் கீழே இருக்கிற மணல்

அம்மாவுக்கு 68 வயது. பத்துமலையின் 272 படிகளை வருஷத்துக்கு நாலு தடவையாவது ஏறிவிடுவார். தைப்பூசம், பங்குனி உத்திரம், அப்பாவின் திதிக்கு மறுநாள், அப்புறம் மனசு சரியில்லாத ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை. பாதி வழியில் ஒரே ஒரு இடத்தில் நிற்பார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் மூச்சு வாங்குவார். பிறகு பேச்சில்லாமல் மேலே போய்விடுவார். வீட்டில் முட்டி வலிக்கிறது என்று தைலம் தேய்க்கச் சொல்கிற அதே அம்மாதான்.

போர்ட்டிக்சனுக்கும் அம்மா இருபது தடவையாவது போயிருப்பார். ஆனால் அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு காட்டுமலை இருக்கிறது, அதன் உச்சியில் கலங்கரை விளக்கு இருக்கிறது, மலைக்கு அடியில் காட்டு வழியாக மட்டுமே இறங்கக்கூடிய சின்னச் சின்ன மணற்கரைகள் இருக்கின்றன என்பது இந்த வருஷம் மார்ச் மாதம் வரைக்கும் அவருக்குத் தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

நமக்குப் போர்ட்டிக்சன் என்றால் என்ன? ராவாங் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், கோயில் திருவிழா முடிந்த இரண்டாம் வாரம் பஸ் பிடிப்பார்கள். விடியற்காலை நாலு மணிக்கே லயத்தில் அடுப்பு எரியும். புளிச்சோறு, நெத்திலி சம்பால், அவித்த முட்டை, ஒரு பெரிய பாத்திரத்தில் சிரப்புத் தண்ணீர். கடற்கரையில் மரத்தடியில் பாய் விரித்து, சாப்பிட்டு, பிள்ளைகள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கி, சாயங்காலம் உப்பு காய்ந்த உடம்போடு திரும்பி வருவோம். அம்மா கடலில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. பாயில் உட்கார்ந்து சாமான்களுக்குக் காவல் இருப்பார். தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் செலாயாங்குக்கு வந்த பிறகும் அப்படித்தான். கார் வந்தது, அடுப்புக்கரிக்குப் பதில் பார்பிகியூ வந்தது. பாய் மட்டும் அதே இடத்தில்.

அந்தப் பாயிலிருந்து தெற்கே திரும்பிப் பார்த்தால் கறுப்பாக ஒரு முனை தெரியும். அதுதான் தஞ்சோங் துவான். அத்தனை வருஷமும் கண் முன்னால் இருந்திருக்கிறது.

இந்தத் தடவை காரில் போகவில்லை, ரயிலில் போனோம். பத்துமலை அடிவாரத்திலேயே கொமுட்டர் ஸ்டேஷன் இருக்கிறதே, 2010-இல் திறந்தது, அங்கே ஏறினால் அதே ரயில் செந்தூல், கேஎல் சென்ட்ரல், காஜாங், நீலாய் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு சிரம்பானுக்கே போய்விடுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மூத்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம். அம்மா சன்னல் ஓரம் உட்கார்ந்து, முருகன் சிலை பின்னால் போவதைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, கேஎல் சென்ட்ரல் வரும்போது தூங்கிவிட்டார். பிரிக்பீல்ட்ஸ் ஆள்கள் அங்கேயே ஏறிக்கொள்ளலாம், இன்னும் சுலபம்.

சிரம்பானில் பசியாறிவிட்டு, பஸ் பிடித்துப் போர்ட்டிக்சன், அங்கிருந்து கிராப். ஒரு காலத்தில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கே ரயில் ஓடியது. 1891-இல் போட்ட தண்டவாளம். ஈயமும் பின்னாளில் ரப்பரும் அந்த வழியாகத்தான் கப்பலுக்குப் போயின. அந்த ரயில் மட்டும் இன்றைக்கும் ஓடினால் பத்துமலையில் ஏறி ஒரே ஒரு தடவை மாறிக் கடலில் இறங்கலாம். எனக்கு அந்த ஏக்கம் உண்டு.

தஞ்சோங் துவானுக்கு ஒரு விசேஷம். சுற்றிலும் நெகிரி செம்பிலான், ஆனால் இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். வாசலில் மலாக்காவின் பெயர்ப்பலகையைப் பார்த்து அம்மா, “நாம போர்ட்டிக்சன் தானே வந்தோம்?” என்று கேட்டார். போர்த்துக்கீசியர் இதற்கு வைத்த பெயர் கபோ ரசாடோ. பிளந்த முனை என்று அர்த்தம். அதுதான் ஆங்கிலத்தில் கேப் ரசாடோ ஆனது. உள்ளே காடு, பாதுகாக்கப்பட்ட காடு. சின்னதுதான், ஆனால் இந்தக் கரையோரத்தில் பழைய காடு கடல் வரைக்கும் இறங்கி வருகிற இடங்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன?

வாசலிலிருந்து உச்சி வரைக்கும் தார்ச்சாலை. நடக்க அரை மணி நேரம், அம்மாவோடு முக்கால் மணி நேரம். ஏற்றம் உண்டு, ஆனால் பத்துமலை ஏறுகிறவர்களுக்கு இது ஒன்றும் இல்லை. படி இல்லாததே முட்டிக்கு நல்லது என்று அம்மா சொன்னார். இரண்டு பக்கமும் மரங்கள் தலைக்கு மேல் கூடிவிடுகின்றன. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஈர இலை வாசம். குரங்குகள் உண்டு. பத்துமலையில் தேங்காயைப் பிடுங்கிப் பழகிய அதே ஜாதி. அம்மா கைப்பையைச் சேலைக்குள் செருகிக்கொண்டு, “வா, வா, நிக்காத” என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போனதும் வேறொரு கூட்டம். கறுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி முகம். மலாயில் லோத்தோங் என்பார்கள். அவை நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. கொழுந்து இலையைப் பறித்துத் தின்றுகொண்டு, மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அம்மாவின் கைப்பை சேலைக்கு வெளியே வந்தது அப்போதுதான்.

உச்சியில் கலங்கரை விளக்கு. வெள்ளைச் சுவர், வட்டக் கோபுரம். போர்த்துக்கீசியர் காலத்திலேயே இந்த முனையில் விளக்கு எரிந்திருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் 1863-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. வளாகத்துக்குள் எப்போதும் விடுவதில்லை. ஆனால் வேலியை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை சுற்றிக்கொண்டு போகிறது. அதன் கடைசியில் பாறை, பாறைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. மலாக்கா நீரிணை முழுவதும் கண் முன்னால் விரிந்து கிடக்கிறது.

அம்மா அங்கே ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். கப்பல்களை எண்ண ஆரம்பித்தார். பதினேழு வரை எண்ணி விட்டுவிட்டார். வருஷத்துக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் போகிற வழி இது. “பாட்டி வந்த கப்பல் இந்த வழியாத்தான் வந்துச்சா?” என்று கேட்டார். பாட்டி வந்தது ரஜுலாவில். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு தொட்டு, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியிருக்கிறார், இன்றைய போர்ட் கிள்ளானில். கிள்ளான் இங்கிருந்து வடக்கே. அப்படியானால் பாட்டி இந்த முனையைப் பார்த்திருக்க மாட்டார். சிங்கப்பூர் வரைக்கும் போனவர்கள் பார்த்திருப்பார்கள், ராத்திரியில் இந்த விளக்கு வெளிச்சத்தையாவது. அதைச் சொன்னேன். “அப்ப அவங்க பாக்காதத நான் பாத்துட்டேன்” என்றார் அம்மா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதே தண்ணீரில்தான் 1606 ஆகஸ்டு மாதம் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் மலாக்காவுக்காக மோதிக்கொண்டார்கள். நசாவு என்ற டச்சுக் கப்பல் தீப்பிடித்து முழுகியது. 1990-களில் அதைக் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்தார்கள். பீரங்கியும் பானைகளும் பக்கத்து ஊரான லுக்குட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் திரும்பும்போது எட்டிப் பாருங்கள்.

நான் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பறவைகள். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

தேன்பருந்து என்று ஒரு பருந்து. தேன்கூட்டையும் குளவிக்கூட்டையும் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்கிற பருந்து. சைபீரியா, ஜப்பான், வடகிழக்குச் சீனா அதற்குப் பிறந்த வீடு. அங்கே குளிர் வந்ததும் கிளம்பி நம் பக்கம் வந்து, சுமத்திரா, ஜாவா காடுகளில் இருந்துவிட்டு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும் திரும்பிப் போகிறது. இந்த மாதிரி அகன்ற இறக்கை உள்ள பருந்துகள் இறக்கையை அடித்து அடித்துத் தூரம் போவதில்லை. நிலம் சூடானதும் காற்று மேலே எழும்புகிறது அல்லவா, அதில் ஏறி வட்டம் போட்டு உயரம் பிடித்து, அங்கிருந்து சறுக்கிக்கொண்டே போகும். கடலின் மேல் அந்த ஏறுகாற்று கிடைக்காது. தண்ணீரைக் கடக்க இறக்கையை அடித்தே ஆக வேண்டும், களைத்துப் போகும். அதனால் கடல் எங்கே குறுகலோ அங்கே கடக்கின்றன. சுமத்திரா பக்கத்து ரூப்பாட் தீவிலிருந்து இந்த முனைக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான்.

வருகிறபோது மிகத் தாழ வருகின்றன. நாங்கள் உட்கார்ந்த அரை மணி நேரத்தில், பதினொன்றரை இருக்கும், கடல் மேல் ஒரு புள்ளி தெரிந்தது. கப்பல் புகையோ என்று நினைத்தேன். புள்ளி இரண்டாகி, ஐந்தாகி, பக்கத்தில் வந்ததும் இறக்கை அடிப்பது தெரிந்தது. கனமாக, நிதானமாக, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு கொஞ்சம் தூக்கி இறங்குகிறது. ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே, தென்னை மர உயரத்தில் போனது. அடிவயிற்றுக் கோடுகளும் இறக்கை நுனியில் விரல்களைப் போல் பிரிந்த இறகுகளும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு இறக்கையில் ஒரு இறகு குறைவு. காட்டைத் தொட்ட அடுத்த நொடி இறக்கை அடிப்பது நின்றது. விரித்தபடியே வைத்துக்கொண்டு, வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம், ஆறாவது வட்டத்தில் கொசு அளவுக்குப் போய்விட்டது. பின்னால் வந்த நாலும் அதே காற்றுத் தூணில் ஏறின. அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே அதுக்குக் கஷ்டமில்ல” என்றார்.

2000-ஆம் ஆண்டிலிருந்து மலேசிய இயற்கைக் கழகம் இங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. தொலைநோக்கி வைத்து, யார் வந்தாலும் காட்டிக் கொடுப்பார்கள். கூட்டத்தோடு போவதானால் அந்த நாளில் போகலாம். நான் சொல்வது, நம் பிள்ளைகளைக் கட்டாயம் ஒரு தடவை கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் படிக்கிற வலசை என்ற வார்த்தை தலைக்கு மேல் பறந்து போவதைப் பார்க்கட்டும்.

இனி மணல். உச்சிக்குப் போகும் சாலையிலிருந்து கிளைப்பாதைகள் கீழே இறங்குகின்றன. வேர்தான் படி. சில இடத்தில் கயிறு கட்டியிருக்கும். அம்மாவை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல் இறங்கிவிட்டார். பால்மரக் காட்டில் மேட்டிலும் பள்ளத்திலும் வாளி தூக்கி நடந்த கால். நான்தான் பின்னால் தடுமாறி வந்தேன்.

கீழே ஒரு கரை. பத்து நிமிஷம் நடந்தால் முடிந்துவிடும் அளவு. பின்னால் காடு, இரண்டு முனையிலும் பாறை, பாறைகளில் வெள்ளை வெள்ளையாகக் கல் நரம்பு ஓடுகிறது. இதில் ஒரு கரைக்கு மலாய்க்காரர்கள் பத்து பூத்தே என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், வெள்ளைக்கல். நாம் கும்பிடுகிற பத்துமலையில் இருக்கிற பத்துவும் இந்தப் பத்துதான், கல்.

ஒரு எச்சரிக்கை, இதை மறக்காதீர்கள். போகிற நாளுக்கு ஏற்றவற்ற நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது பாறையைச் சுற்றி ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்கு நடக்கலாம். ஏறினால் வழி இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் தனியாக வந்தபோது நேரம் பார்க்கவில்லை. அடுத்த கரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். திரும்பினால், வந்த வழியில் இடுப்பளவு தண்ணீர். பாறையெல்லாம் சிப்பி, பிளேடு மாதிரி. உள்ளங்கை கிழிந்தது. காட்டுப் பக்கம் ஒரு பாதை கண்ணில் படும் வரைக்கும் பட்ட பயம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தடவை அட்டவணை பார்த்து, நண்பகலுக்குப் பிறகு வற்றுகிற நாளாகக் குறித்துப் போனோம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது கொண்டு போங்கள், மேலே கடை கிடையாது. கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கடல் தள்ளிவிட்ட பிளாஸ்டிக் போதாதென்று, வந்தவர்கள் விட்டுப்போன சோற்றுப் பொட்டலங்களும் கிடந்தன. அம்மா பேசாமல் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். தீ மிதி முடிந்த மறுநாள் கோயில் வாசலைக் கூட்டுகிற மாதிரி.

பொறுக்கிக்கொண்டே குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். “இங்க வந்து பாரு.”

ஈர மணலில் பட்டாணி அளவு நண்டு. அசையாமல் இருந்தால்தான் வெளியே வருகிறது. இரண்டு கொடுக்காலும் மாறி மாறி மணலைக் கிள்ளி வாய்க்குள் தள்ளுகிறது. மணலில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தீனியை வடித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை வாய்க்கு மேலேயே உருட்டுகிறது. உருண்டை மிளகு அளவானதும் ஒரு காலால் கிள்ளி எடுத்து, வயிற்றுக்கு அடியில் விட்டு, பின்னால் தள்ளிவிடுகிறது. ஒரு அடி நகர்கிறது, மறுபடியும் கிள்ளுகிறது. வளைக்கு ஓடித் திரும்ப ஒரு வழியை மட்டும் சுத்தமாக விட்டு வைத்திருக்கிறது. உருண்டையெல்லாம் வளையிலிருந்து கதிர் கதிராக விரிந்து நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் கரை முழுக்க அப்படித்தான், நூற்றுக்கணக்கில்.

“புள்ளி வச்சிக் கோலம் போடுது” என்றார் அம்மா.

“அலை வந்தா அழிஞ்சிடும்மா. தண்ணி வத்தினதும் மறுபடியும் போடும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை.”

“நான் ஒரு தடவைதான் போடுறேன்.” முதுகை நிமிர்த்தவே இல்லை. கால் மணி நேரம் அங்கேயே நின்றார். அலை வந்து கணுக்காலை நனைத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அம்மா கடலில் நின்றது அதுதான் முதல் தடவை.

பாறை நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம். எதிரே கடல், அதற்கு அப்பால் மங்கலாகக்கூடத் தெரியாத சுமத்திரா. வரும் வழியெல்லாம் மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன். “பத்துமலையும் ஒரு காலத்துல கடலுக்கு அடியிலதாம்மா இருந்துச்சு. அது சுண்ணாம்புக்கல். கடல்ல வாழ்ந்து செத்த உயிருங்களோட ஓடு படிஞ்சி படிஞ்சி ஆன கல்லு. நாப்பது கோடி வருஷம் ஆச்சு.”

“இந்தக் கடலா?”

“இது இல்ல, இதுக்கெல்லாம் முந்தின கடல். இந்தக் கடல் ரொம்பச் சின்னப் பிள்ளை. இருபதாயிரம் வருஷத்துக்கு முந்தி, பனி யுகத்துல, கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல இறங்கி இருந்துச்சு. இங்க தண்ணியே கிடையாது. காடுதான்.”

“அப்ப சுமத்திராவுக்கு நடந்தே போயிருக்கலாமா?”

“நடந்தே போயிருக்கலாம்.”

அம்மா ஆரஞ்சுத் தோலைப் பைக்குள் போட்டுவிட்டு, கப்பல் போகிற இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். “அங்க மலை கடலா இருந்திருக்கு, இங்க கடல் தரையா இருந்திருக்கு” என்றார். பிறகு, “திருச்செந்தூர்ல சாமி கடலோரத்துலதானே நிக்கிறாரு” என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு ஏற ஆரம்பித்தோம். ஏறும்போது வேர்களைக் கையால் பிடித்துப் பிடித்து ஏறினார். பாதி வழியில் ஒரே ஒரு இடத்தில் நின்றார், இரண்டு நிமிஷம். சாயங்கால ரயிலில் எதிர் வரிசையில் இருந்த பெண்ணிடம் நண்டைப் பற்றிக் கை ஆட்டி விளக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் காஜாங்கில் இறங்கும்போது, எந்த மாசம் போகணும் ஆன்ட்டி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்துமலை ஏறினோம். வழக்கமாக நேரே சன்னிதிக்குப் போகிறவர், அன்றைக்குக் குகை வாசல் தாண்டியதும் ஓரமாக ஒதுங்கினார். மேலே கல்லிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம். பாறையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை நனைந்தது.

“இந்தத் தண்ணி உப்புக் கரிக்குமாடி?”

“இல்லம்மா. இது மேல பெய்ஞ்ச மழைத் தண்ணி, கல்லு வழியா இறங்கி வருது.”

“ஓ” என்றார். கையை இன்னும் எடுக்கவில்லை. பின்னால் பால்குடம் ஒன்று வந்தது, ஒதுங்கி வழிவிட்டோம். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைக்காமல், அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்.